கணக்கில் ஏறாத சாயங்கால மழை

எங்கள் ஊரில் மழை கூடிக்கொண்டே போகிறது என்ற செய்தி என்னை வந்தடைந்தபோது, அதைச் சொன்ன என் அக்கா காய்ந்த தீவனப் புல்லுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். போனில் ஒரே காற்று. கணவாய்க்குள் நுழைந்து வரும் எங்கள் பக்கத்துக் காற்று, பேச்சில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத்தான் கொடுக்கும்.

"தம்பி, நம்மூர்ல வருசா வருசம் மழை கூடுதாமா. வாய்க்கா ஆபீசுலிருந்து காயிதம் வந்திருக்குது. அதனால கடைமடைக்கு இனிமேல் ரெண்டாம் போகத்துத் தண்ணி பழையபடி தேவையில்லையாமா. நீ எங்கெ இருக்கறே?"

"காந்தலூர்லக்கா."

"அங்க மழையா?"

"சாரல்."

"இங்க மழை காயிதத்துல பேயுது. வந்து ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போ. எழுதறவன் எழுதறவன்னு ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியறயல்ல, ஒரு தடவையாவது அந்தக் கை ஊட்டுக்கு ஒதவட்டும்."

நான் அப்போது ஒரு பூண்டு வயலைப் பார்த்த வாடகை அறையில் இருந்தேன். அதற்கு முன் அகளியில் ஒரு கடை மாடி. அதற்கு முன் வேறெங்கோ. நடு வயது வந்தும் கால் தரையில் பாவாத ஜென்மம். ஓர் ஊரின் இரண்டாவது மழைக்காலத்தைப் பார்ப்பதற்குள் பெட்டி கட்டிவிடுவேன். கவிதை என்று சிலரும் வசனம் என்று சிலரும் சொல்கிற எதையோ எழுதுகிறேன். மழையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வரிகூட ஒரு செடியை நனைத்ததில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவள் அக்கா ஒருத்திதான்.

மலையிறங்கிப் போனேன்.

மீனாட்சிபுரத்தில் பஸ் இறங்கி உள்ளே போக வேண்டிய, மலையாள எல்லைக்குள் கிடக்கும் தமிழ் ஊர் எங்களுடையது. மலை மேலிருக்கும் அணைகளின் தண்ணீர் முறை வைத்து வாய்க்காலில் வரும். வாய்க்காலின் தலையில் இருப்பவர்கள் குடித்து, நடுவில் இருப்பவர்கள் குடித்து, கடைசியில் மிச்சம் இருந்தால் எங்கள் மடை நனையும். அக்காவின் தென்னைகளும் தீவனப் புல்லும் அந்த மிச்சத்தில் வளர்ந்தவை. புல்லைத் தின்று மாடுகள், மாடுகளைக் கொண்டு வீடு. போர்வெல் போன வருடமே புழுதியைக் கக்கிவிட்டு நின்றுவிட்டது. வெளியிலிருந்து வைக்கோல் வாங்கி மாடு கட்டினால் மாடு நம்மைத் தின்றுவிடும் என்பாள் அக்கா.

"ரெண்டாம் போகத்துத் தண்ணி வரலீன்னா மாட்டை வித்துப்போடுவேன். ஒண்ணு விடாம."

நான் வந்து செருப்பைக் கழற்றும்போதே இதைச் சொன்னாள். சும்மா சொல்லி வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. கட்டுத்தறியிலிருந்து செவலைப் பசு எட்டிப் பார்த்தது. அதற்கு என்னைப் பிடிக்காது. வருகிறவன் போகிறவன் என்று தெரிந்து வைத்திருந்தது போலிருக்கிறது.

மச்சான், அதாவது அக்காவின் கணவர், சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீவிக் கொடுத்தார். ஊர்ப் பால் சொசைட்டியில் டெஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருகிற பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும் வேலை. பாதி ஊர் அவரைப் பார்த்தால் இன்றும் கொஞ்சம் ஒதுங்கித்தான் நடக்கும்.

காகிதத்தில் ஒரு கோடு. கீழே வருடங்கள், பக்கத்தில் ஐப்பசி கார்த்திகை மழையின் அளவு. இடது பக்கம் கோடு ஒரு நடுத்தர உயரத்தில் மேலும் கீழுமாக நடந்தது. பிறகு ஓரிடத்தில், படி தவறி விழுந்தவன் போல, சட்டென்று கீழே விழுந்தது. விழுந்த இடத்திலேயே நெடுங்காலம் கிடந்தது. கடைசியில் எழுந்து விறுவிறுவென்று ஏறியது. அடியில் மலையாளத்தில் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: இப்பகுதியில் துலாவர்ஷம், அதாவது ஐப்பசி மழை, அண்மைக் காலமாகக் கூடி வருகிறது, ஆகவே கடைமடைக்கான இரண்டாம் போக முறையைக் குறைக்கலாம். ஆட்சேபம் உள்ளவர்கள் விசாரணை நாளில் நேரில் வந்து சொல்லலாம்.

"இதுல முக்கால்வாசி நான் அளந்தது மாப்ள," என்றார் மச்சான். குரலில் பெருமை. தன் வயிற்றில் அடிக்க வந்த காகிதம் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தன் கை பட்ட கோடு அல்லவா.

மழைமானி முதலில் ஊர்க்கோடியில் இருந்த விவசாய ஆபீசில் நின்றது. அந்த ஆபீஸ் வேறு ஊருக்கு மாறியபோது மழைமானியைப் பெயர்த்துக் கொண்டுவந்து பால் சொசைட்டியின் முற்றத்தில் நட்டார்கள். காலையில் எப்படியும் ஆள் இருக்கும் இடம் அதுதான். டெஸ்டரே அளக்கட்டும் என்றார்கள். அவர் ஓய்வு பெற்ற கையோடு ஒரு கம்பத்தில் தானாக அளந்து தானாக அனுப்பும் மெஷினை வைத்துவிட்டார்கள். ஒரு நாளும் விடாமல் அனுப்பியதற்காக அவருக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் டிவிக்கு மேலே கண்ணாடிக்குள் இருக்கிறது. பிளாஸ்டிக் பூமாலையுடன்.

கோட்டை மறுபடி பார்த்தேன். விவசாய ஆபீஸ், பால் சொசைட்டி, மெஷின். கோடு விழுந்த இடம் மழைமானி இடம் மாறிய வருடம். எழுந்த இடம் மெஷின் வந்த வருடம்.

எனக்கு ஒரு திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது.

வாலிபத்தில் மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொஞ்ச காலம் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே தினமும் காலையில் பிரட்டுக்கு முன்னால், ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த நேரத்துக்கு முன்னால், மழையை அளந்து கரும்பலகையில் எழுதிவிடுவார்கள். நான் போன புதிதில் பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பெருமழையெல்லாம் திங்கட்கிழமைகளிலேயே பெய்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மழையே இல்லை. தூத்துக்குடிப் பக்கத்து வம்சத்தில் வந்த பெரிய குமாஸ்தாவிடம் கேட்டேன்.

"ஏன் சார், ஞாயித்துக்கெழம இங்க மழ பெய்யாதா?"

"பெய்யும் வே. யாரு அளப்பா? பிரட்டு கெடையாதுல்லா. திங்கக்கெழம வந்து பாக்கும்போது ரெண்டு நாள் தண்ணியும் சேந்து நிக்கும். அப்பிடியே எழுதிர வேண்டியதுதான்."

"அப்போ அது தப்பில்லையா?"

"என்னவே தப்பு? ஆண்டவனே ஏழாம் நாள் லீவு எடுத்துருக்கான். மழக்கி லீவு கெடையாதா?"

அன்று சிரித்துவிட்டு, திங்கட்கிழமை மழை என்று ஏதோ எழுதி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். அவர்களும் போட்டார்கள். ஒரு மழைமானி எந்த வீட்டு முற்றத்தில் நிற்கிறதோ அந்த வீட்டின் பழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிடும் என்பது அன்றைக்கு எனக்கு ஓர் அழகான விஷயமாக இருந்தது. யாருடைய மாடும் அதில் கட்டப்பட்டிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா கட்டுத்தறியில் பால் கறந்துகொண்டிருந்தாள். மச்சான் கேனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தார். நான் தூணில் சாய்ந்துகொண்டு பேச்சுவாக்கில் கேட்டேன்.

"மச்சான், நீங்க மழையை எத்தனை மணிக்கு அளப்பீங்க?"

"காலையில எட்டரைக்கு. பால் வண்டி போனதும் மொத வேலை அதுதான். ஒரு நாள் தவறுனதில்ல மாப்ள. நம்ம கல்யாண நாளு, நோம்பி நாளு, ஒண்ணும் கெடையாது."

"ஆமா, என்ற பிரசவத்தன்னிக்குக்கூட டப்பாவைத்தான் பாக்கப் போனாரு," என்றாள் அக்கா, மாட்டின் வயிற்றுக்குப் பின்னாலிருந்து.

"சாயங்காலம் அந்தப் பக்கம் போகவே மாட்டீங்களா?"

"சாயங்காலமும்தான் அளப்பேன். அஞ்சரைக்கு. சாயங்காலப் பால் முடிஞ்சதும்."

"ரெண்டு வேளையுமா? எதுக்கு?"

பால் கேனை எதற்குக் கழுவுகிறீர்கள் என்று கேட்டவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"காலம்பரப் பாலையும் சாயங்காலப் பாலையும் ஒண்ணாக் கலப்பாங்களா மாப்ள? கலந்தா ரெண்டும் கெட்டுப்போகுமல்ல. பகல்ல பேஞ்ச தண்ணி டப்பாவுல கெடக்குது. அதும்மேல ராத்திரி மழை உழுந்தா எது எதுன்னு எப்படிச் சொல்லுவே? அதனால சாயங்காலமே அளந்து எழுதீட்டு, கொட்டி, சுத்தமாக் கழுவிக் கவுத்திருவேன்."

"கவுத்தீட்டா அப்பறம் ராத்திரி மழை எதுல உழுகுமுங்க?" என்றாள் அக்கா.

"அட, வடிஞ்சதும் நிமித்தி வெச்சுருவனல்ல!"

"எதில் எழுதுவீங்க மச்சான்?"

"பால் நோட்டு மாதிரியே ஒரு நோட்டு போட்டேன். காலைக்கு ஒரு கட்டம், சாயங்காலத்துக்கு ஒரு கட்டம்."

"ஆபீசுக்கு அனுப்பினது?"

"அதைச் சொசைட்டில வேலை பாத்த பொண்ணு மாசக் கடைசில பாத்து எழுதி அனுப்பீரும். அந்த ஃபாரத்துல என்னமோ நாளுக்கு ஒரு கட்டம்தான் அச்சடிச்சிருக்கும். காலை எட்டரைன்னு..."

அங்கே அவர் பேச்சு நின்றது. பால் கேனுக்குள் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. அக்கா மாட்டுக்கு அந்தப் பக்கமிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அப்போ, சாயங்கால மழை?"



எங்கள் பக்கத்து ஐப்பசி மழையைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் வானம் வெள்ளையாக இருக்கும். மத்தியானம் தலை வெடிக்கும் வெயில். மூன்று மணிக்கு மேல் கிழக்கே கறுத்துத் திரண்டு, இடியும் மின்னலுமாக வந்து, கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டு, சொசைட்டியில் பால் அளந்து முடிவதற்குள் ஓய்ந்துவிடும். கேன் மூடியைத் தலையில் பிடித்துக்கொண்டு பால் ஊற்ற ஓடிய நாட்கள் இந்த ஊரில் எல்லோருக்கும் உண்டு. ஐப்பசியின் உடம்பே சாயங்காலம்தான். ராத்திரியில் சொட்டுவது அதன் வேர்வை.

அந்த உடம்பைத்தான் மச்சான் இத்தனை காலமும் இரண்டாவது கட்டத்தில் எழுதி, கொட்டி, கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். மேலே போனது வேர்வை மட்டும். மெஷினுக்குக் காலைப் பால் சாயங்காலப் பால் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் கூட்டியது. கோடு எழுந்து ஏறிவிட்டது. மழை கூடவில்லை. அளந்த கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு மனிதர் ஓய்வு பெற்றதை ஆபீஸ் பருவநிலை மாற்றம் என்று வாசித்திருக்கிறது.

அப்படியானால் மழை குறைந்ததா? அதைச் சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதுதான் அன்று ராப்பூரா நெஞ்சில் கிடந்து அரித்தது. குறைந்துவிட்டது என்று அக்கா சத்தியம் செய்வாள். முன்னெல்லாம் இப்படியா, ஆடியிலேயே வாய்க்கால் கரை வழியும் என்பாள். மச்சான் அதை மறுப்பார். நீ வாய்க்கால் வழிஞ்ச வருசத்தை மட்டும் ஞாபகம் வெச்சிருக்கறே என்பார். அவர் சொல்வதும் சரி. நினைவும் எவனோ பாதியில் கொட்டிவிட்டுக் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்தான். பெருமழைகளை வைத்துக்கொள்ளும், தூறலைக் கொட்டிவிடும். போர்வெல் வற்றியது மழையாலா, ஊரெல்லாம் ராவும் பகலும் இறைத்ததாலா? ஏதோ ஒன்று மாறித்தான் இருக்கிறது. காற்றின் வாசனை மாறியிருக்கிறது. மழை வரும் திசையும் வந்துவிட்டுப் போகும் அவசரமும் மாறியிருக்கின்றன. தோலுக்குத் தெரிகிறது. தோல் சொன்னதை எந்த ஆபீசும் எழுதிக்கொள்ளாது. எழுதிக்கொள்ளும்படியாக இருந்த ஒரே சாட்சி, அந்தக் கோடு, அதுவும் பொய்.

மறுநாள் வீட்டில் சண்டை.

விசாரணையில் எழுந்து நின்று, நான் அனுப்பிய கணக்கில் சாயங்கால மழை இல்லை என்று மச்சான் சொல்ல வேண்டும். அதைத் தவிர வேறு வழி இல்லை என்றேன்.

"நான் தப்பா அளக்கலை," என்றார்.

"தப்புன்னு ஆருங்க சொன்னா? சரியாத்தான் அளந்தீங்க. பாதியைத்தான் அனுப்புனீங்க," என்றாள் அக்கா.

"அனுப்புனது நானில்ல."

"பாலுக்குத் தண்ணி ஊத்துனவீங்களையெல்லாம் பிடிச்சீங்க. கடைசில மழையிலிருந்தே தண்ணியை எடுத்துட்டீங்களே!"

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போகும்போது டிவிக்கு மேலே பார்க்காமல் போனதை நான் கவனித்தேன்.

அவர் சொசைட்டிக்குத்தான் போயிருந்தார், பழைய நோட்டுகளைத் தேடி. அந்த இரண்டாவது கட்டம் கிடைத்துவிட்டால் கூட்டிக் காட்டிவிடலாமே. ஓட்டுக் கட்டடத்தை இடித்துப் புதுக் கட்டடம் கட்டியபோது காலித் தீவனச் சாக்குகளோடு சேர்த்து எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரன் அள்ளிக்கொண்டு போய்விட்டானாம். இப்போதிருக்கும் செக்ரட்டரி சின்ன வயசுக்காரர். "அதையெல்லாம் வெச்சு என்னங்க பண்றது, எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குதுங்களே," என்றாராம். கம்ப்யூட்டரில் இருந்தது பொண்ணு எழுதி அனுப்பிய ஒற்றைக் கட்டம். அந்தப் பெண்ணும் கல்யாணமாகிப் பொள்ளாச்சிப் பக்கம் போய் வெகு காலமாகிவிட்டது.

மச்சான் வந்து வாசலில் உட்கார்ந்தார். அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அதைத் தொடாமல், "வாரேன். வந்து சொல்றேன்," என்றார். அவ்வளவுதான். சண்டை அதோடு முடிந்தது. அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி ஆறிப்போகுது குடிங்க என்றாள்.

நான் மனு எழுதினேன். முதலில் எழுதியதை அக்கா வாங்கிப் படித்தாள். கணவாய், காற்று, கறுத்த கிழக்கு, காத்திருக்கும் மண் என்று அதில் எல்லாம் இருந்தது.

"நல்லாத்தான் இருக்குது. நல்லா மழை பேயுது. தண்ணி எங்கெ கேட்டிருக்கறே?"

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். கோடு விழுந்த வருடம், எழுந்த வருடம், அளந்த இடம், அளந்த முறை. உவமை ஒன்றும் இல்லாத ஒரு பக்கம். என் வாழ்நாளில் எழுதியதிலேயே தேவைப்பட்ட பக்கம் அதுதான் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கும் ஆயுசு இல்லை.

விசாரணை தாலுக்கா ஊரில், ஓர் ஆபீஸின் நீளமான அறையில் நடந்தது. அதிகாரி ஒரு மலையாளி அம்மா; எங்கள் வயதுதான் இருக்கும். விரட்டுகிறவர் அல்ல. எங்களை உட்காரச் சொல்லி, மனுவை முழுதாகப் படித்தார். இத்தனை அலுவலகங்களில் அலைந்திருக்கிறேன், நான் எழுதியதை இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை. படித்துவிட்டு மச்சானைப் பார்த்தார்.

"நீங்கதானே அளந்தது? சாயங்காலம் எதுக்கு சாரே அளந்தீங்க? நியமம் ஒரு நேரம் அல்லே?"

மச்சான் எழுந்து நின்றார். காலைப் பாலையும் சாயங்காலப் பாலையும் கலக்கக் கூடாது என்பதை அந்த அறையில் அவர் எப்படிச் சொல்வார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. அப்படியே சொன்னார். அறையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"எனக்கு மனசிலாயி. பக்ஷே தெளிவு வேணும், ஆதாரம். அந்தச் சாயங்காலக் கணக்கு எழுதின புக்கு உண்டோ?"

"இல்லீங்க. போயிருச்சுங்க."

"வேற யாரெங்கிலும் எழுதி வெச்சிருக்கோ?"

"இல்லீங்க. என்ற வார்த்தைதானுங்க."

வாழ்க்கையெல்லாம் மற்றவர்களின் வார்த்தையை நம்பாமல் பாலைக் குழாயில் ஊற்றிப் பார்த்த மனிதர் அதைச் சொன்னார்.

அதிகாரி பேனாவை மூடினார். அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீங்க சொல்றது ஞான் விசுவசிக்கிறேன். இந்தக் கோடு இப்படி விழுகிறதைப் பார்த்தாலே தெரியுது. ஆகவே இந்த ஸ்டேஷனோட பழைய கணக்கை எடுக்கான் பற்றில்ல, எடுக்க முடியாது. தள்ளிவிடுறேன்."

அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஏறும் கோடு போய்விட்டது. மழை கூடுகிறது என்று சொல்ல இனி ஆபீசிடம் ஒன்றுமில்லை. என் ஒரு பக்கம் வேலை செய்துவிட்டது. அந்த நிமிடத்தில் ஒரு மடை திறந்து புல்லுக்கு நடுவே தண்ணீர் நெளிந்து போவதை நான் பார்த்தேன். வெட்கமில்லாமல் அதற்கு ஒரு வரியும் யோசித்தேன்.

அதிகாரி ஃபைலைப் புரட்டி வேறொரு காகிதத்தை எடுத்தார்.

"ஒரு ஸ்டேஷன் கணக்கு எடுக்க முடியாதுன்னா, அடுத்து முழுசா கணக்கு உள்ள ஸ்டேஷனை எடுக்கணும். அதாணு முறை."

அடுத்த ஸ்டேஷன் மேற்கே இருந்தது. கணவாயின் வாய்ப்பக்கம். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, அங்கேதான் முதலில் இறங்கும். எங்கும் நெல்வயல், வாசலில் பாசி, கிணற்றில் கையால் மொள்ளும் ஊர். அங்கே நாள் தவறாமல், ஒரே நேரத்தில், ஒரே பாத்திரத்தில், நியமப்படி அளந்திருக்கிறார்கள். குறை சொல்ல முடியாத கணக்கு. அந்தக் கணக்கின்படி எங்களுக்கு வருடம் முழுக்கத் தண்ணீர் மிச்சம்.

"அங்க பேயற மழை எங்களுக்கு எதுக்குங்க?" என்றாள் அக்கா. எழுந்துவிட்டாள். "எங்க வயித்துப் பசியை அடுத்தூட்டு எலையைப் பாத்தா அளப்பீங்க?"

"சேச்சி, ஞான் எந்து செய்யும்? இவரோட கணக்கு வேண்டாம்னு நீங்கதானே சொன்னது?"

பொய்க் கணக்கோடு போயிருந்தால் முறை கொஞ்சம் குறைந்திருக்கும். உண்மையைச் சொன்னதால் இரண்டாம் போகத் தண்ணீரே முழுதாகப் போயிற்று. எங்களுக்கு என்று இருந்த மழையும் எங்களிடமிருந்து எடுக்கப்பட்டு, வேறோர் ஊரின் மழை எங்கள் தலையில் எழுதப்பட்டது. இதைச் செய்தவர் நல்ல மனுஷி. வெளியே வரும்போது மச்சானிடம், இது உங்க குற்றம் அல்ல சாரே என்று சொல்லி அனுப்பினார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பஸ்ஸில் மூவரும் மூன்று சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.

கிழக்கேயிருந்து வியாபாரிகள் வந்தார்கள். மாடுகள் ஒவ்வொன்றாகப் போயின. எங்கள் பக்கத்தில் மாட்டைக் கொடுப்பார்கள், கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள்; வாங்குகிறவன் தன் கயிற்றைப் போட்டுத்தான் ஓட்டிப் போக வேண்டும். செவலை கடைசி. அதன் கயிற்றை அக்காவே அவிழ்த்தாள். அது போகும்போது திரும்பிப் பார்த்தது என்று எழுத எனக்கு ஆசைதான். பார்க்கவில்லை. லாரியில் ஏற மறுத்து உதைத்தது, பிறகு ஏறிக்கொண்டது. அவிழ்த்த கயிறுகளை அக்கா ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டுத்தறித் தூணில் மாட்டினாள்.

நான் அந்த முறை உடனே கிளம்பவில்லை. கிளம்பத் தோன்றவில்லை. சாணி வாசனை மெல்ல மெல்ல வெளியேறிய ஒரு வீட்டில் புரட்டாசியைக் கழித்தேன். மச்சான் பாராட்டுப் பத்திரத்தைக் கழற்றவில்லை. மாலையை மட்டும் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள், மூன்று மணிக்கு மேல், கிழக்கு கறுத்தது. வழக்கம்போல. இடித்தது. கொட்டியது. முற்றத்து மண் முதலில் அதை வாங்க மறுத்து முத்து முத்தாக உருட்டிவிட்டது, பிறகு குழைந்தது. தென்னை மட்டைகள் நனைந்து தொங்கின. நாங்கள் மூவரும் உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மழை ஓயும் தறுவாயில் சுவர்க் கடிகாரம் அரை மணியை அடித்தது. மச்சானின் உடம்பு தன்னையறியாமல் எழுவதற்கு அசைந்தது. பிறகு அடங்கியது.

"ஏனுங்க," என்றாள் அக்கா, "மணி அஞ்சரை ஆச்சு. போயி அளக்கலீங்களா?"

"இப்ப மிசின் அளந்துக்கும்."

"மிசினு எங்கெ இருக்குது?"

"இங்கதான். சொசைட்டிகிட்ட."

"இங்கயா? இங்க பேயறதை அவீங்க எடுத்துக்க மாட்டாங்களே."

மச்சான் எழுந்து போய், மூலையில் வெறுமனே கிடந்த பால் கேனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். கூரையிலிருந்து விழும் தண்ணீருக்கு நேராக வைக்காமல், வானத்துக்கு நேராக, நடு முற்றத்தில் வைத்தார். அளக்கிறவனுக்குத் தெரியும், கூரைத் தண்ணீர் மழைக் கணக்கில் சேராது. அப்படியே நனைந்துகொண்டு அதன் பக்கத்தில் நின்றார்.

அக்கா வாசல் வரை போய், நிலையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"நெறைஞ்சதும் சொசைட்டிக்குக் கொண்டுபோங்க," என்றாள். "சுத்தத் தண்ணிப் பாலுன்னு நீங்களே திருப்பி அனுப்பீருவீங்க."

மச்சான் சிரித்தார். விசாரணைக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பார்க்க நன்றாக இல்லை. மழை ஓய்ந்தது. கேனின் அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அவர் அதைக் குனிந்து பார்த்து, மனதுக்குள் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், உதடு அசைந்தது. எவ்வளவு என்று எங்களிடம் சொல்லவில்லை. பிறகு அதைத் தென்னை அடியில் கொட்டி, கேனைச் சுத்தமாகக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்.